பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று, "பல் நீண்டுபோச்சு" என்பது. முளைத்து நிலைத்த பல் அப்படி நீளுவதில்லை. அதைப் போர்த்தியிருந்த ஈறு கீழே இறங்கி, அதுவரை மறைந்திருந்த வேர் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பல்லின் தலைப்பகுதிக்கு எனாமல் என்ற கடினமான மூடாக்கு உண்டு. வேருக்கு அது கிடையாது. வேரின் மேல் இருப்பது சிமெண்டம் என்னும் மிக மெல்லிய பூச்சு. பல் துலக்கத் துலக்க அது தேய்ந்துவிடும். அதற்கடியில் உள்ள டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றின் மறுமுனையில் பல்லின் நரம்பு. பானைத் தண்ணீர் பட்டதும் பல் கூசுவது இந்த வழியாகத்தான். இறங்கிய ஈற்றை மேலே கொண்டுவர இன்று ஒரு சிகிச்சை இருக்கிறது. மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து வெளியே தெரியும் வேரின் மேல் வைத்துத் தைப்பார்கள். ஈறு ஒட்டு அறுவை என்று அதைச் சொல்லலாம். அந்த ஒட்டு பிழைக்குமா, எவ்வளவு பிழைக்கும் என்பதை மருத்துவரின் கைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. நோயாளி செலவழிக்கும் பணமும் தீர்மானிப்பதில்லை. வேர் தெரிகிற அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே எவ்வளவு எலும்பும் சதையும் மிஞ்சியிருக்கின்றன என்பதே முதலில் பார்க்க வேண்டியது. இந்த அத்தியாயத்தின் வாதம் அதுதான். அதை ஏற்றுக்கொண்டால், இந்த மானாவாரிச் சீமையின் வாய்களுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும்.

ஈறு தானாக வளராதா என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஈற்று நோயில் திரும்பிவருவதும் உண்டு, திரும்பாததும் உண்டு. 1965இல் ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து பழைய நிலைக்கு வந்தது. ஆக, வீக்கம் திரும்பும். இறங்கிய ஈறு அப்படித் திரும்பாது. ஈறு தன் போக்கில் நிற்பதல்ல. அடியிலுள்ள எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதை ஒட்டியே அதுவும் நிற்கும். எலும்பு கரைந்தால் ஈறும் இறங்கும். வெளியே வந்த வேரின் பரப்பில் புதிதாகச் சதை தோன்றுவதற்கான உயிரணுக்களும் இல்லை, இரத்தக் குழாய்களும் இல்லை. எந்த எண்ணெயைக் கொப்பளித்தாலும், எந்த மருந்தைத் தடவினாலும் அந்த இடத்தில் ஈறு முளைத்து மேலே வராது. கொப்பளிப்பதால் வாய்க்கு வேறு நன்மை இருக்கலாம். அந்த நன்மையை நம்பி இறங்கிய ஈறு ஏறும் என்று ஐந்து வருடம் காத்திருப்பதுதான் கெடுதல்.

வேரில் இரத்தம் இல்லை என்ற இந்த ஒரு உண்மையைச் சுற்றியே ஈறு ஒட்டின் வரலாறு முழுவதும் நகர்ந்திருக்கிறது. 1960களில் இந்த அறுவை வடிவம் பெற்றது. 1968இல் சல்லிவன், அட்கின்ஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரைகள் அதன் முறைகளை வகுத்துக் கொடுத்தன. மேலண்ணத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டை எடுத்து, ஈறு இல்லாத இடத்தைச் சுரண்டித் தயார்செய்து அங்கே தைத்தார்கள். எடுத்த இடத்தோடு தொப்புள்கொடி அறுந்த அந்தத் துண்டு முதல் இரண்டு மூன்று நாள் அடியிலிருந்து கசியும் நிணத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. அதற்குள் சுற்றுச் சதையிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்துத் துண்டினுள் நுழையத் தொடங்க வேண்டும். பத்து, பதினொரு நாளில் இரத்த ஓட்டம் நிலைப்படுகிறது. சதை முதிர்ந்து உறுதிப்பட ஆறு வாரம்வரை ஆகும். இதில் சிக்கல் எங்கே என்றால், ஒட்டின் நடுப்பகுதி கிடப்பது வேரின் மேல். பாறைமேல் ஒரு கை மண்ணைப் போட்டு நாற்று நட்டால், பக்கத்துக் கரிசலிலிருந்து ஈரம் கசிந்து வரும் வரைக்கும்தான் அது பிழைக்கும். பாறை அகலமானால் நடுவிலுள்ள நாற்று கருகிவிடும். ஒட்டுக்கும் அதே கதிதான். வேரின் இரு பக்கமும் உயரமாக நிற்கும் சதையும் எலும்புமே அதற்கு இரத்தம் தரும் கரைகள். கரை உயரமாக இருந்தால் வேர் முழுக்க மூடும். கரையே இறங்கிப்போயிருந்தால் அதற்கு மேலே ஒட்டு நிற்காது.

முதல் முறையில் இன்னொரு குறையும் இருந்தது. நம் பக்கத்து மக்களில் பலருக்கு ஈறு கருமையோ கருஞ்சிவப்போ ஆனது. நிறமி இருப்பது இயல்பு, நோய் அல்ல. மேலண்ணத்துத் தோலோ வெளிறியது. ஒட்டு பிழைத்தாலும் கருத்த ஈற்றில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். இந்தக் குறையைத் தீர்த்த அறிவு குரங்குகளிடம் நடந்த ஒரு சோதனையிலிருந்து வந்தது. 1975இல் காரிங், லாங், லோ ஆகிய மூவர், ஈற்றின் மேல்தோலை நீக்கிவிட்டு அடியிலுள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, ஈற்றை அடுத்துள்ள தளர்வான சவ்வுப் பகுதியில் வைத்தார்கள். அதன் மேல் சுற்றிலுமிருந்து புதுத் தோல் படர்ந்தது. படர்ந்த தோல் அந்தத் தளர்வான சவ்வின் தோலாக இல்லை; ஈற்றின் கெட்டித் தோலாக இருந்தது. மேலே எந்தத் தோல் வளர வேண்டும் என்ற கட்டளை அடியிலுள்ள இணைப்புத் திசுவிடம் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது. அப்படியானால் மேலண்ணத்துத் தோலைச் சேர்த்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை. 1985இல் லாங்கர் இருவர் வெளியிட்ட முறை இதைத்தான் செய்கிறது: அண்ணத்தில் ஒரு சிறு கீறல் போட்டு உள்ளிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் உருவி எடுத்து, மேல்தோலைத் திரும்ப மூடித் தைத்துவிடுவார்கள். எடுத்த திசுவை வேரின் மேல் வைத்து, அந்த இடத்து ஈற்றையே தளர்த்தி மேலே இழுத்துப் போர்த்துவார்கள். இப்போது ஒட்டுக்கு அடியிலிருந்தும் மேலிருந்தும் இரத்தம் கிடைக்கிறது. வெளியே தெரிவது அவரவர் ஈற்றின் நிறம். அண்ணத்துப் புண்ணும் பழைய முறையைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. இன்றுவரை மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக இருப்பது இந்த முறைதான்.

இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும் கரையின் உயரம் பற்றிய விதி மாறவில்லை. லாங்கர்களின் கட்டுரை வந்த அதே 1985இல் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவர் ஈறு இறக்கத்தை நான்கு வகையாகப் பிரித்தார். பல்லிடையில் எலும்பும் சதையும் குறையாமல் இருக்கும் முதல் இரண்டு வகையில் வேரை முழுவதும் மூட வாய்ப்பு உண்டு. பல்லிடையில் குறைந்துவிட்ட மூன்றாவது வகையில் ஓரளவுதான் மூடலாம். நான்காவதில் மூட முடியும் என்று எதிர்பார்க்கவே கூடாது. 2011இல் இத்தாலியின் கெய்ரோ குழு இதை இன்னும் எளிமையாக்கி, பல்லிடையில் எவ்வளவு இழப்பு என்ற ஒன்றையே அளவாக வைத்து மூன்று வகை சொன்னது. வெளியே எத்தனை மில்லிமீட்டர் வேர் தெரிகிறது என்று நோயாளி கவலைப்படுகிறார். மருத்துவரின் அளவுகோல் முதலில் போவது பல்லிடைக்கு. இருவர் வாயிலும் நான்கு மில்லிமீட்டர் வேர் ஒரே மாதிரி வெளியே தெரியலாம். ஒருவருக்கு அறுவை முழு வெற்றி தரும். மற்றவருக்குப் பாதிகூட மூடாது.

இந்த இரண்டு வகை வாய்களும் உலகில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதற்கு மிக அரிய ஒரு சான்று தமிழர்களின் வாயிலிருந்தே கிடைத்திருக்கிறது. லோவும் ஆனெருட், போய்சன் என்ற இருவரும் 1969இல் ஓஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும், 1970இல் இலங்கை மலையகத்தில் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களையும் தேர்ந்தெடுத்து, அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். தோட்டத்தார் அனைவரும் தமிழர்கள். பல் மருத்துவம் என்பதே எட்டாதவர்கள். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, இராமநாதபுரம் எனப் பஞ்சமும் கடனும் துரத்திய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போனவர்களின் வழிவந்தவர்கள் மலையகத் தமிழர்கள். 1985இல் தனி மாவட்டம் பிரியும் வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1992இல் வெளிவந்த முடிவு இது: நார்வே இளைஞர்களில் 20 வயதிலேயே 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு எங்காவது ஓரிடத்தில் ஈறு இறங்கியிருந்தது; 50 வயதில் 90 விழுக்காட்டைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளர்களில் 20 வயதுக்கு முன் 30 விழுக்காட்டுக்கு மேல், 30 வயதில் 90 விழுக்காடு, 40 வயதில் எல்லாருக்குமே. தொடக்கத்தில் நன்றாகத் துலக்கும் நார்வேக்காரர்களுக்கே இறக்கம் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியம், இறக்கம் எங்கே இருந்தது என்பது. நார்வேயில் அது பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கம், உதடும் கன்னமும் தொடும் பக்கம். தோட்டத்தில் வெளிப்பக்கம், நாக்குப் பக்கம், பல்லிடை என்று எல்லாப் பக்கமும். ஒரு கூட்டம் துலக்கித் துலக்கி ஈற்றை இழந்தது. மற்றக் கூட்டம் பல்லில் படியும் அழுக்காலும் காரையாலும் எலும்போடு சேர்த்து இழந்தது. முதல் கூட்டத்துக்கு ஒட்டு அறுவை பொருந்தும். இரண்டாவது கூட்டத்தில் மிகச் சிலருக்கே பொருந்தும்.

நம் வட்டாரத்தில் இரண்டு காரணங்களும் ஒரே வாயில் சேர்ந்து வேலை செய்கின்றன. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பிழைப்பு. அடுப்புக்கரி எந்த வீட்டிலும் கைக்கு எட்டும். கரித்தூள், சாம்பல், செங்கல்பொடி இவற்றை விரலால் தொட்டுப் பல்லில் தேய்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்த தலைமுறை கெட்டியான பிரஷ்ஷை வாங்கி, அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று நம்பியது. இரண்டும் வெளிப்பக்கத்து ஈற்றைத் தேய்ப்பவை. ஈற்றோரத்தில் பல்லிலேயே அரிவாளால் கொத்தியதுபோன்ற பள்ளத்தையும் உண்டாக்குபவை. பல்லிடைக்குள் கரியும் போகாது, விரலும் போகாது. அங்கே படலம் படிந்து காரையாகி எலும்பை அரிக்கிறது. வேப்பங்குச்சி பற்றிப் பழிசொல்ல வேண்டியதில்லை. மென்று நாராக்கி மெதுவாகத் துலக்கினால் நல்லதுதான். ஆனால் அதுவும் பல்லிடைக்குப் போகாது.

இவற்றோடு புகையிலை. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. புகையிலையை எந்தக் கொடுப்பில் அடக்குகிறார்களோ அந்த இடத்து ஈறு இறங்குவதை அமெரிக்காவின் பேஸ்பால் வீரர்களிடம் நடத்திய ஆய்வு 1990இலேயே காட்டியது. அவர்களும் புகையிலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். பீடி, சிகரெட்டின் கேடு வேறு வழியில் வருகிறது. நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஒட்டின் உயிர் முழுவதும் அந்தக் குழாய்கள் முளைப்பதில்தான் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். அறுவைக்குப் பின் புகைப்பவர்களுக்கு வேர் மூடுவது குறைவு என்பதை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு அபாயமும் இருக்கிறது. புகைப்பவருக்கு ஈற்றில் இரத்தம் கசிவதே குறைவு. அதனால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே ஈறு நன்றாக இருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் முதலாவது, வயதானால் ஈறு இறங்கத்தானே செய்யும் என்பது. வயது ஏற ஏற இறக்கம் கூடுகிறது, உண்மை. ஆனால் தோட்டத்து இளைஞர் முப்பது வயதில் அடைந்ததை நார்வேக்காரர் ஐம்பதில் அடைந்தார். அப்போதும் பல்லிடை அவருக்குப் பத்திரமாக இருந்தது. வயது மட்டுமே காரணமானால் இந்த வேறுபாடு வந்திருக்கக் கூடாது. அடுத்தது, எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, அதனால்தான் காரை பிடிக்கிறது என்பது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. பானையின் உட்பக்கம் வெள்ளையாகப் படிவதை அன்றாடம் பார்க்கிறார்கள். ஆனால் பல் காரைக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் நம் உமிழ்நீரிலேயே இருக்கின்றன. துலக்காமல் விட்ட படலத்தில் அவை ஏறி இறுகினால் காரை. தித்திக்கும் தண்ணீர் ஊரிலும் அது பிடிக்கும். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் சிறு வயதில் உருவாகும் பல்லில் பழுப்புக் கறை விழும்; அது பல்லின் கேடு, ஈற்றின் கேடு அல்ல.

இவற்றைவிட ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. பல்லைச் சுத்தம் செய்தால் இடைவெளி விழும், பல் ஆடும் என்பது. மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கு மக்கள் சொல்லும் காரணங்களில் இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இதைச் சொல்பவர்கள் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். காரையை நீக்கியபின் பல்லிடையில் சந்து தெரிவது உண்மை. ஆடாமல் இருந்த பல் சில நாள் ஆடுவதும் உண்மை. ஆனால் அந்தச் சந்து சுத்தம் செய்த அன்று உண்டானதல்ல. எலும்பும் ஈறும் பல வருடங்களுக்கு முன்பே இறங்கிவிட்டன. காலியான இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கிய ஈறு மேலே மறைத்துக்கொண்டிருந்தது. காரை போய் வீக்கமும் வடிந்ததும் உள்ளே நடந்தது வெளியே தெரிகிறது. காரை ஒன்றோடொன்று பற்களைக் கட்டிப்போட்டிருந்ததால் ஆட்டமும் தெரியாமல் இருந்தது. இதை முன்கூட்டியே நோயாளியிடம் விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை. சொல்லாமல் சுத்தம் செய்து அனுப்பினால் அவர் ஊருக்குப் போய்ச் சொல்வது பத்துப் பேரைத் தடுத்துவிடும். ஒட்டு அறுவைக்கு இந்தச் சுத்தம் தவிர்க்க முடியாத முதல் படி. வீக்கம் வடிந்தால்தான் ஈற்றின் உண்மையான மட்டமும், கரைகளின் உண்மையான உயரமும் அளவுக்குக் கிடைக்கும்.

ஒட்டு அறுவை வசதி உள்ளவர்களின் அழகு சாதனம்தானே, நமக்கு எதற்கு என்ற கேள்வியைப் பாதி ஏற்கலாம். ஈறு இறங்கிய பல் ஒவ்வொன்றுக்கும் அறுவை தேவையில்லை. கூச்சம் மட்டும் என்றால் அதற்கான பேஸ்ட்டும் பூச்சும் போதும். துலக்கும் முறையை மாற்றினால் பல இடங்களில் மேற்கொண்டு இறங்காமல் நிற்கும். ஆனால் விட்டுவிட்டால் அப்படியே நிற்கும் என்று எண்ணுவது தவறு. சிகிச்சை செய்யாமல் விட்ட ஈறு இறக்கங்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட இடங்களில் இறக்கம் கூடியிருந்தது. அதே ஆண்டு இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஒரே வாயில் ஒட்டு வைத்த பல்லையும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டு வைக்காத அதே பல்லையும் 18 முதல் 35 ஆண்டுவரை கழித்து ஒப்பிட்டது. ஒட்டு வைத்த இடங்களில் பெரும்பாலானவற்றில் ஈறு காலப்போக்கில் இன்னும் கொஞ்சம் மேலே ஊர்ந்திருந்தது. வைக்காத பக்கத்தில் ஏறத்தாழப் பாதி இடங்களில் மேலும் இறங்கியிருந்தது. வெளியே வந்த வேரில் சொத்தை விழுவது எளிது, அடைப்பது கடினம். ஈறு மிக மெல்லியதாக இருந்து, தொடர்ந்து இறங்கியும் கொண்டிருந்தால், முப்பது வயதுக்காரருக்கு ஒட்டு வைப்பது பல்லைக் காப்பாற்றும் வேலை. அதை அழகுக் கணக்கில் சேர்க்க முடியாது.

அண்ணத்தில் வெட்டுவதற்குப் பதிலாக விலங்கின் கொலாஜனால் செய்த தகடு, நோயாளியின் இரத்தத்தையே சுழற்றி எடுக்கும் நாரிழைப் படலம் எனப் பல மாற்றுகள் வந்துள்ளன. இரத்தத்திலிருந்து எடுக்கும் படலம் மலிவானது என்பதால் இந்தியக் கல்லூரிகளில் அதிகம் கையாளப்படுகிறது. நோயாளிக்கு வலி குறைவு. ஆனால் வேரை மூடுவதிலும் ஈற்றைக் கெட்டிப்படுத்துவதிலும் சொந்த இணைப்புத் திசுவுக்கு ஈடாக இவை இன்னும் நிற்கவில்லை. எதை வைத்தாலும் கரையின் விதி அதற்கும் பொருந்தும்.

ஆகவே நரிக்குடியிலிருந்தோ திருச்சுழியிலிருந்தோ ஒருவர் இதற்காகக் கிளம்பினால் வரிசை இப்படி அமைய வேண்டும். முதலில் காரை நீக்கம். அதை அருப்புக்கோட்டையிலேயே செய்துகொள்ளலாம். பின்பு புகையிலையை நிறுத்துவது. சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவது. மென்மையான பிரஷ், பல்லிடைக்கென்றே உள்ள சிறு தூரிகை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, பல்லிடை நன்றாக நிற்கும் பற்களுக்கு மட்டும் அறுவை. அதற்கு ஈற்று மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர் வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் மருத்துவமனையைவிட அங்கே செலவு குறைவு. தையல் பிரிக்கவும் ஆறு வாரம்வரை ஆறும் விதத்தைப் பார்க்கவும் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டியிருக்கும். தறியிலோ கூலியிலோ அன்றாடச் சம்பாத்தியம் உள்ளவருக்கு அறுவைக் கட்டணத்தைவிட இந்த நடைகள்தான் பெரிய செலவு. தையல் பிரிப்பதையும் மேற்பார்வையையும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலேயே செய்துகொள்ள வழிசெய்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

தேயிலைத் தோட்டத்து ஆட்களை 40 ஆண்டுகளுக்குப் பின், 2010இல், மறுபடி தேடிப் போனார்கள். 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. அறுபது வயதில் குறைந்தது 20 பல் மிஞ்சியவர்கள் யார் என்று பின்னோக்கிப் பார்த்தபோது, அவர்களைப் பிரித்துக் காட்டியது 30 வயதில் எடுத்த ஓர் அளவு: பல்லின் பிடிமானத்தில் அதுவரை ஏற்பட்ட சராசரி இழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்ததா என்பது. நம் ஊர்களில் பல்லாஸ்பத்திரிக்கு முதன்முதலாகப் போவது பெரும்பாலும் பல் ஆடத் தொடங்கிய பிறகு, நாற்பத்தைந்திலோ ஐம்பதிலோ. பள்ளி முடித்து மில்லுக்கும் தறிக்கும் வேலைக்குப் போகிற வயதில் ஒருமுறை பல்லிடையை அளந்து பார்த்தால், காரை எடுத்தால் போதுமா, ஒட்டு வேண்டுமா என்பதைக் கரை இருக்கும்போதே முடிவு செய்துவிடலாம்.